டிக்கெட்டுல ஒன்றரை மணி நேரம், ஆகாசத்துல நாலு மணி நேரம்: பாட்டியோட திருச்சி பயணத்துல என்ன நடந்துச்சு

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தீபாவளிக்கு ஒரு தடவ, பொங்கலுக்கு ஒரு தடவனு தவறாம வர்ற சண்டை ஒண்ணு இருக்கு. 2023 ஆகஸ்ட்ல திருச்சி போற பிளைட்ல பாட்டிக்கு சுகர் இறங்கிப் போனது யார் தப்புன்னு. மாமா தப்புனு அம்மா சொல்வாங்க, டிக்கெட் போட்ட என் தப்புனு மாமா சொல்வாரு, ஊசி போட்டுக்கிட்டது அதுதானேனு சித்தி பாட்டியையே சொல்வாங்க. சரி, உக்காந்து மணி மணியா எழுதி பாத்துடலாம்னு பழைய டிக்கெட், பாட்டியோட சுகர் மெஷின்ல இருக்குற ரீடிங், என் போன்ல எடுத்த போட்டோவோட டைம் எல்லாத்தையும் எடுத்து வச்சு கோத்தேன், கோத்ததுக்கு அப்புறம் சண்டை தீரல ஆனா எனக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு, அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஊரும் ஆளும்

எங்க ஊரு மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்னைக்கு இங்க பக்கத்து தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டாங்க, அதுக்கு அப்புறம்தான் நாடு பூரா அவசரகாலம் வந்துச்சு, ஹிஸ்டரி புக்குல படிச்சிருப்பீங்க. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரும் இதுதான். மத்தபடி ரப்பர் இருந்த இடத்துல இப்ப பாதிக்கு மேல செம்பனை, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்தவங்க பூரா டவுன் பக்கம் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துட்டாங்க, ஆனா பாட்டி மாதிரி ஆளுங்களுக்கு இன்னும் தோட்டத்து டைம்தான், விடியக்காலை பெரட்டு மணி, அதாவது தோட்டத்து வேலைக்கு ஆள் கூப்பிடுற மணி, அடிச்ச நேரத்துக்கு கண்ணு தானா தொறந்துக்கும்.

பாட்டி 1951-ல பொறந்தது, அப்ப 72 வயசு. பதினெட்டு வருஷமா சுகர், அதுல கடைசி ஏழு வருஷமா ஊசி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஏழரைக்கு ஒண்ணு, அந்த கலங்கலா இருக்குற மிக்ஸ் இன்சுலின் பேனா, போட்டா அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டே ஆகணும். இதுல பாட்டிய குறை சொல்ல முடியாது, எங்க கிளினிக் நர்ஸ் மத்தவங்களுக்கு உதாரணம் காட்டுற அளவுக்கு கரெக்டா இருக்கும்.

பாட்டியோட அக்கா முசிறி பக்கத்துல இருக்காங்க. 1969-க்கு அப்புறம் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை) காரங்களுக்கு வொர்க் பெர்மிட் பிரச்சனை வந்து நிறைய குடும்பம் கப்பல் ஏறுச்சுல்ல, அதுல போனவங்கதான். அவங்க பேத்திக்கு ஆவணியில கல்யாணம். பாட்டி பதினோரு வயசுல, 1962-ல, பினாங்குல ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போயிட்டு வந்ததோட சரி, அதுக்கு அப்புறம் கடல் தாண்டல, பிளைட்ல ஏறுனதே இல்ல. நாங்க மூணு பேரு கிளம்புனோம், பாட்டி, மாமா, நான். பாட்டிக்கு ஜன்னல் சீட்டு, எனக்கு நடு சீட்டு, சீட்டுக்கு தனியா காசு கட்ட வேணாம்னு விட்டதால மாமாவுக்கு அஞ்சு வரிசை பின்னாடி போட்டுட்டாங்க. ஒரு ஆளுக்கு இருபது முப்பது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பண்ணோம். அந்த மிச்சத்தையும் இந்த கணக்குல சேத்துக்கோங்க.

அன்னைக்கு நடந்தது

இங்க சொல்ற மணியெல்லாம் மலேசியா மணி, பாட்டி கையில கட்டியிருந்த வாட்ச் மணி.

காலையில பதினொன்றரைக்கு வேன்ல கிளம்புனோம். ஹைவேயில தாப்பா ஆர் அன்ட் ஆர்ல (வண்டி நிறுத்தி இளைப்பாறுற இடம்) நிறுத்தி பாட்டி வீட்டுலேர்ந்து கட்டிட்டு வந்த தயிர் சோறு சாப்பிட்டுச்சு. நாலு மணிக்கு கேஎல்ஐஏ, அதான் கோலாலம்பூர் ஏர்போர்ட். அஞ்சு மணிக்கு சீனி போடாத கோப்பியும் ரெண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும். அதோட சரி, அதுக்கு அப்புறம் வாயில எதுவும் வைக்கல.

டிக்கெட்டுல இப்படி இருந்துச்சு: கோலாலம்பூர் புறப்பாடு இரவு 8.20, திருச்சி சேர்றது இரவு 9.50. செக்கின் முடிச்சு உக்காந்திருக்கறப்ப பாட்டி மாமாகிட்ட கேட்டுச்சு, "ஏண்டா எத்தன மணி நேரம்டா போகும்?" மாமா பேப்பர பாத்தாரு, "எட்டு இருவதுக்கு ஏறி ஒம்பது அம்பதுக்கு இறங்குறோம்மா, ஒன்றரை மணி நேரம்தான், ஈப்போ பாசார் போயிட்டு வர்ற நேரம்." நான் பக்கத்துல போனுக்கு சார்ஜ் போட பிளக் தேடிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சா விழலையானு இன்னைக்கு வரைக்கும் எனக்கே சந்தேகமா இருக்கு.

பாட்டி அத வச்சு ஒரு திட்டம் போட்டுச்சு, இது அப்புறமா அது வாயாலயே சொன்னது. ஏழரைக்கு ஊசி போட்டா இங்க ஏர்போர்ட்ல சாப்பிடணும், ஒரு தட்டு சோறு இருபது வெள்ளிக்கு மேல விக்கிறான், அக்கா மவன் ஏர்போர்ட்டுக்கே தூக்குல இட்லி கொண்டு வர்றேன்னு போன்ல சொல்லியிருக்கான், அதனால ஊசிய ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சுக்குவோம், இறங்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போட்டா இறங்குனதும் கார்ல உக்காந்து இட்லி. நல்லா யோசிச்சு பாருங்க, கையில இருந்த தகவல் சரியா இருந்திருந்தா இது அவ்வளவு மோசமான திட்டம் இல்ல.

8.45-க்கு பிளைட் மேல ஏறுச்சு. பைலட் மைக்ல பேசுனாரு, மொதல்ல மலாய்ல, பறக்குற நேரம் தீகா ஜாம் ஸ்தெங்கா, அதாவது மூணரை மணி நேரம்னு. பாட்டிக்கு மலாய் நம்மள விட நல்லாவே தெரியும், ஆனா பிளைட் ஏறுனா காது அடைக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கனு ரெண்டு காதுலயும் பஞ்ச அடைச்சிருந்துச்சு. எனக்கு கேட்டுச்சு, கேட்டுட்டு இயர்போன மாட்டி தூங்கிட்டேன். சாப்பாட்டு வண்டி ஒம்பது மணி சுமாருக்கு வந்திருக்கு, பாட்டி வேணாம்னு கைய காட்டிடுச்சு. அந்த பிளைட்ல சீட்டுக்கு பின்னாடி டிவி கிடையாது, மேப்பு கிடையாது, எங்க போயிட்டு இருக்கோம்னு பாக்க ஒரு வழியும் இல்ல, வெளிய பாத்தா கும்மிருட்டு. பாட்டிக்கு இருந்த ஒரே கருவி கையில இருந்த வாட்ச்.

வாட்ச்ல ஒம்பதரை ஆச்சு. பாட்டி முந்தானைக்குள்ள பேனாவ எடுத்து வயித்துல போட்டுக்கிச்சு. இட்லிக்கு இன்னும் இருபது நிமிஷம்னு அது கணக்கு. நிஜத்துல பிளைட் அப்பத்தான் சுமத்திராவ தாண்டுற இடத்துல இருந்திருக்கும், தரையிறங்க ரெண்டே முக்கால் மணி நேரம் இருந்துச்சு.

10.40 இருக்கும். என் முழங்கையில ஈரமா ஏதோ பட்டுச்சு, தண்ணி பாட்டில் கவுந்துடுச்சோனு முழிச்சா பாட்டி கை. கை மட்டும் இல்ல, ரவிக்கை முதுகு பூரா நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, ஏசி அந்த குளிர் குளிருது. "பாட்டி"னு கூப்பிட்டா என்ன பாத்து "பால் ஊத்தியாச்சா?"னு கேக்குது. ரப்பர் மரத்துல பால் வெட்டி கொண்டு போயி ஸ்டோர்ல ஊத்துவாங்கல்ல, அந்த பால். 1990-கள்லயே விட்ட வேலை. எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

பையில சுகர் மெஷின் இருந்துச்சு, நல்ல வேளை லக்கேஜ்ல போடல. குத்தி பாத்தா 2.9. மணிய அடிச்சேன். ஏர் ஹோஸ்டஸ் வர்றதுக்குள்ள அந்த பக்க சீட்டுல இருந்த ஒரு அக்கா எந்திரிச்சு வந்தாங்க, திருச்சியில நர்ஸா இருக்காங்களாம், கேஎல்ல தங்கச்சிய பாத்துட்டு திரும்புறாங்க. மெஷின பாத்துட்டு "என்ன தம்பி, மெஷின் கெட்டுப் போயிருக்கா, ரெண்டு புள்ளி ஒம்போதா, இருபத்தொம்போதா?"னு கேட்டாங்க. அங்க சுகர மில்லிகிராம்ல பாப்பாங்க, நம்ம பக்கம் மில்லிமோல். நம்ம நம்பர 18-ஆல பெருக்குனா அவங்க நம்பர் வரும், 2.9-ன்னா 52. அந்த நேரத்துல எனக்கு அந்த 18 எங்க ஞாபகம் வரப் போகுது, "எங்க ஊர்ல அஞ்சு ஆறு இருக்கணும்க்கா, நாலுக்கு கீழ போனா ஆபத்து"னு மட்டும் சொன்னேன். அவங்களுக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு. "பாட்டியால முழுங்க முடியுதா பாரு, முடியுதுன்னா மொதல்ல சீனி குடு."

ஆரஞ்சு ஜூஸ் ஒரு டப்பா, அதுல ரெண்டு பாக்கெட் சீனி. நர்ஸக்கா கன்னத்த புடிச்சுக்கிட்டு "குடிங்கம்மா, ஒரு வாய் குடிங்கம்மா"னு கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சாங்க. பதினஞ்சு கிராம் சீனி, பதினஞ்சு நிமிஷம், மறுபடி குத்தி பாரு, ஏறலன்னா மறுபடி அதே, இதுதான் கணக்காம். பதினஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் 4.3. பாட்டி கண்ண தொறந்து சுத்தி பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "இன்னுமா திருச்சி வரல?"

அதுக்கு அப்புறம் வண்டியில மிச்சம் இருந்த நாசி லெமாக் ஒண்ண வாங்கி பாதி சாப்பிட வச்சோம். மாமா அஞ்சு வரிசை பின்னாடி வாய தொறந்து தூங்கிட்டு இருந்தாரு, இறங்குறப்பத்தான் அவருக்கு விஷயமே தெரியும்.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கேர்ந்து வந்துச்சு

மாமாவ முட்டாள்னு நினைச்சுடாதீங்க, அவரு லாரி டிரான்ஸ்போர்ட்ல முப்பது வருஷம் டெலிவரி டைம் கணக்கு போட்டவரு. ரோட்டுல கணக்கு அப்படித்தான், சேர்ற மணியில கிளம்புற மணிய கழிச்சா ஓட்டுன நேரம். ஆனா டிக்கெட்டுல ரெண்டு மணியும் ரெண்டு ஊரு மணி. கிளம்புறது மலேசியா மணி, சேர்றது இந்தியா மணி. இந்தியா நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. அப்ப 9.50-ங்கறது பாட்டி வாட்ச்ல ராத்திரி 12.20. டிக்கெட் பொய் சொல்லல, எது எந்த ஊரு மணின்னு பக்கத்துல எழுதல அவ்வளவுதான்.

இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. மாமாவுக்கும் லேசா சந்தேகம் வந்திருக்கு, ஒன்றரை மணி நேரத்துல இந்தியாவானு. அதனால போன்ல தூரம் தேடி பாத்திருக்காரு. ஏதோ ஒரு பக்கத்துல 1,671-னு வந்திருக்கு. ஜெட்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் போகும், 1,671-க்கு ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட, அட சரியா வருதே! ஆனா அது மைல். கிலோமீட்டர்ல 2,690. ஒரு தப்ப செக் பண்ண போயி இன்னொரு தப்பு வந்து அதுக்கு சாட்சி சொல்லிட்டு போயிடுச்சு. எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப பயமா இருந்த இடம் இதுதான், ஏன்னா மனுஷன் கேர்லஸா இல்ல, செக் பண்ணியிருக்காரு.

போற டிக்கெட்டையும் வர்ற டிக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்திருந்தா அங்கயே மாட்டியிருக்கும். திரும்பி வர்றது திருச்சி 10.45 இரவு, கேஎல் விடியக்காலை 5.15. அதையும் மாமா மாதிரி கழிச்சா ஆறரை மணி நேரம். போறதுக்கு ஒன்றரை வர்றதுக்கு ஆறரையா, எந்த ஊரு நியாயம்? ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா நாலு, அதுதான் நிஜ பிளைட் நேரம். பெருசுலேர்ந்து சின்னத கழிச்சு பாதியாக்குனா ரெண்டரை, அதுதான் ரெண்டு ஊருக்கும் இருக்குற மணி வித்தியாசம். இந்த ட்ரிக்குக்கு இன்டர்நெட்டே வேணாம், போக வர டிக்கெட் ரெண்டு இருந்தா போதும், போக நேரமும் வர நேரமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்குற எந்த ஊருக்கும் வேலை செய்யும்.

என் பங்கு என்னன்னா, டிக்கெட் போடறப்பவே நாலு மணி நேரம்னு எனக்கு தெரியும். யாரும் கேக்கல, நானும் சொல்லல.

அப்புறம் பாட்டி பங்கு, இத சொன்னா சித்திக்கு சந்தோஷமா இருக்கும். பிளைட் நிஜமாவே ஒன்றரை மணி நேரம்னு வச்சுக்கிட்டாலும் அந்த திட்டம் தப்புதான். பிளைட் நின்னதும் இட்லி வராது. நாங்க இறங்குனப்ப இமிகிரேஷன் வரிசையிலயே ஒரு மணி நேரம் போச்சு, அது பழைய டெர்மினல், இப்ப இருக்குற புது டெர்மினல் 2024-லதான் தொறந்தாங்க. சேர்ற நேரம்னு டிக்கெட்டுல போடறது பிளைட் போயி நிக்கிற நேரம், ஆளு வெளிய வர்ற நேரம் இல்ல.

நாலு மணி நேரம் எப்படி நாலு மணி நேரம் ஆகுது

2,690 கிலோமீட்டர்னு சொன்னது கேஎல்ஐஏலேர்ந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு பூமியோட வளைவு மேல நூல் புடிச்ச மாதிரி அளந்த தூரம். சென்னைக்கு 2,630 போல, அறுபது கிலோமீட்டர்தான் கம்மி. அந்த சைஸ் பிளைட் மேல போயிட்டா மணிக்கு 830 கிலோமீட்டர் சுமாருக்கு ஓடும், அப்படி பாத்தா மூணே கால் மணி நேரம்தான் வரும். மிச்ச முக்கால் மணி நேரம் எங்க போகுதுன்னா, கேஎல்ஐஏல கேட்டுலேர்ந்து ரன்வேக்கு உருண்டு போறதுக்கே எங்களுக்கு இருபது நிமிஷம், மேல ஏறுறப்பவும் கீழ இறங்குறப்பவும் அந்த ஸ்பீடு கிடையாது, வானத்துலயும் ரோடு மாதிரி வழி இருக்கு அதுல வளைஞ்சுதான் போகணும், இறங்குற இடத்துல சுத்த விட்டா சுத்தணும். பைலட் சொன்ன மூணரை சக்கரம் தரைய விட்டு மறுபடி தரைய தொடுற நேரம், டிக்கெட்டுல இருக்குற நாலு கேட்டுலேர்ந்து கேட்டு வரைக்கும். ரெண்டும் சரி. சில வெப்சைட்ல இதே தூரத்துக்கு 3 மணி 50 நிமிஷம்னு வரும், அது டைம்டேபிள பாத்து சொல்றதே இல்ல, பல இடத்துல தூரத்த மணிக்கு 500 மைல்னு வகுத்து ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டிடறாங்க, போட்டு பாருங்க கரெக்டா வரும்.

காத்தும் ஒரு கணக்கு. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு ரொம்ப மேல கிழக்கேர்ந்து மேக்க ஒரு வேகமான காத்தோட்டம் இருக்கு, 1950-கள்ல கோட்டீஸ்வரம்னு ஒரு இந்திய வானிலை விஞ்ஞானிதான் அத எழுதி வச்சாரு. போறப்ப முதுகுல தள்ளும், வர்றப்ப மூஞ்சியில அடிக்கும், ஆனா இந்த தூரத்துக்கு பெரிய வித்தியாசம் வராது, நிமிஷக் கணக்குதான்.

எங்க ஊருக்காரனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. சுங்கை சிப்புட்லேர்ந்து திருச்சி நேர்கோட்டுல 2,550 கிலோமீட்டர் வரும். ஆனா மேக்க இருக்குற திருச்சிக்கு போக மொதல்ல ரோட்டுல தெக்க 290 கிலோமீட்டர் போகணும் கேஎல்ஐஏ இருக்குற சிப்பாங்குக்கு, போயி அங்கேர்ந்து இன்னும் தூரமான 2,690-ல பறக்கணும். காலையில பதினொன்றரைக்கு வீட்ட பூட்டுனோம், முசிறி பக்கத்துல அக்கா வீட்டு வாசல்ல செருப்ப கழட்டுறப்ப அங்க மணி பன்னெண்டே கால், மலேசியா மணிக்கு விடியக்காலை 2.45. மொத்தம் பதினஞ்சே கால் மணி நேரம். அதுல பிளைட் நாலு, மிச்ச பதினொண்ணே கால் மணி நேரம் வேனும் காரும் வரிசையும் பிளாஸ்டிக் நாற்காலியும்.

பினாங்குலேர்ந்து போயிருக்கலாமேன்னு கேப்பாங்க. அப்ப அங்கேர்ந்து நேரடி பிளைட் இல்ல, 2024 டிசம்பர்ல இண்டிகோ சென்னைக்கு ஆரம்பிச்சாங்க. பினாங்கு சென்னை 2,365 கிலோமீட்டர்தான், எங்க ஊர்லேர்ந்து பினாங்கு ஏர்போர்ட்டும் கேஎல்ஐஏல பாதி தூரம். ஆனா சென்னையில இறங்கி திருச்சிக்கு ரோட்டுல 330 கிலோமீட்டர் இருக்கே. ஆகாசத்துல மிச்சம் புடிச்சத ரோட்டுல குடுக்கணும். சென்னையில வேலை இருக்குறவங்களுக்கு லாபம், எங்களுக்கு இல்ல.

ரெண்டு மணி நேரமா ரெண்டரையா

இந்த கேஸ்ல ரெண்டாவது சம்பவம் ஒண்ணு இருக்கு, குரூப்ல யாரும் இத பேசறதில்ல. திருச்சி போயி மூணாவது நாள் சாயங்காலம் பாட்டி மறுபடி கை நடுங்குதுனு சொல்லுச்சு. குத்தி பாத்தா 3.8. இப்ப பிளைட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, அக்கா வீட்டுல எட்டு மணிக்கு டான்னு இலை போடறாங்க, ஏழரைக்கு ஊசி, அப்புறம் எப்படி? ரெண்டு நாளா இன்னொண்ணும் நடந்துச்சு, கோயிலுக்கு ஆறு மணிக்கு போவோம்னு சொன்னா அஞ்சரைக்கே பாட்டி புடவை கட்டி திண்ணையில உக்காந்து "ஒருத்தனுக்கும் நேரம் காலம் தெரியல"னு திட்டிட்டு இருக்கும்.

வாட்ச வாங்கி பாத்தேன். அக்கா வீட்டு சுவர் கடிகாரம் ஏழு, பாட்டி வாட்ச் ஏழரை. ஏர்போர்ட்லயே பாட்டி வாட்ச தானே திருப்பி வச்சிருக்கு, ரெண்டரை இல்ல, ரெண்டு மணி நேரம். அதனால நிஜத்துல ஏழு மணிக்கே ஊசி போட்டுக்கிட்டு எட்டு மணி வரைக்கும் சோத்துக்கு காத்துக்கிட்டு இருந்திருக்கு.

"ரெண்டரை பாட்டி"னு சொன்னா ஒத்துக்கவே இல்ல. "எனக்கே சொல்றியா? கப்பல்ல போனவ நான். ஒவ்வொரு ராத்திரியும் மணிய கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளி வைப்பான், நாகப்பட்டினம் போயி சேர்றப்ப சரியா ரெண்டு மணி நேரம் தள்ளியிருந்தான், அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு." பினாங்கு நாகப்பட்டினம் நேர்கோட்டுல 2,300 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, அந்த மாதிரி கப்பல் மணிக்கு பன்னெண்டு கடல் மைல்னு ஓடுனா நாலரை நாள், அந்த நாலரை நாள்ல ரெண்டு மணி நேரத்த கொஞ்சம் கொஞ்சமா முழுங்கியிருக்காங்க.

நான் மொதல்ல பாட்டிக்கு ஞாபக மறதினுதான் நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு பாட்டி சொன்னது அட்சர சுத்தம். அப்பெல்லாம் மலாயா மணி இப்ப இருக்குறத விட அரை மணி நேரம் பின்னாடி, லண்டன் மணியோட ஏழரை கூட்டணும். இந்தியா அப்பவும் இப்பவும் அஞ்சரை. வித்தியாசம் சரியா ரெண்டு. 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரை ஆனப்ப கடிகாரத்த பன்னெண்டுக்கு தள்ளி 1982-அ ஆரம்பிச்சாங்க, சபா சரவாக் மணியோட தீபகற்பம் ஒண்ணா இருக்கணும்னு. அன்னைலேர்ந்துதான் ரெண்டரை. அந்த மாத்தம் பாட்டிக்கு நல்லா ஞாபகம் இருக்கு, "ஆமா, ஒரு வருஷம் திடீர்னு பெரட்டுக்கு இருட்டுலயே எழுப்புனானுங்க, மரம் தெரியல, தலையில லைட்ட கட்டிக்கிட்டு வெட்டுனோம்"னு சொல்லுச்சு. ஆனா அதுக்கும் திருச்சி மணிக்கும் சம்பந்தம் இருக்குனு அதுக்கு யாரு சொல்லப் போறா?

இதுல எனக்கு சிரிப்பு வந்த விஷயம் இன்னொண்ணு. கடிகாரத்த விட்டுட்டு சூரியன மட்டும் பாத்தா சுங்கை சிப்புட்ல உச்சிக்கு வந்த சூரியன் திருச்சியில உச்சிக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குற 22 டிகிரி சொச்சத்துக்கு டிகிரிக்கு நாலு நிமிஷம். மலேசியா கடிகாரம் சூரியனுக்கு ஒண்ணே கால் மணி நேரம் முந்தி ஓடுது, திருச்சியில கால் மணி நேரம்தான், அதான் ஒன்றரை ரெண்டரையாகுது. அப்ப மாமா சொன்ன ஒன்றரை மணி நேரத்துல திருச்சி போறது சூரியன் மட்டும்தான். இத சொன்னதுலேர்ந்து மாமா குரூப்ல "நான் சொன்னது சூரியன் கணக்கு"னு போட ஆரம்பிச்சுட்டாரு.

திரும்பி வந்தப்ப

ஊருக்கு போன் போட்டு எங்க கிளினிக் டாக்டர்கிட்ட கேட்டோம். அவரு சொன்னது, மேக்க போறப்ப நாள் நீளும், கிழக்க வர்றப்ப சுருங்கும், அதனால மணிய பாத்து ஊசி போடாதீங்க, தட்ட பாத்து போடுங்க. ஏழு மணிக்கு அக்கா வீட்டுலயே ஊசியும் சாப்பாடும், அடுத்தது ஊர் வந்து சேந்து மெஷின்ல பாத்துட்டு பசியாற தட்டு முன்னாடி வந்ததுக்கு அப்புறம். ஒவ்வொருத்தர் மருந்தும் வேற வேற, இத அப்படியே காப்பி அடிக்காதீங்க, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி டிக்கெட்ட எடுத்துட்டு போயி உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, நாங்க காட்டல. இன்சுலின கையில கொண்டு போற பையில வச்சது மட்டும் நாங்க சரியா பண்ண ஒரே வேலை, அடியில லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு.

நான் ஒரு சின்ன அட்டையில எழுதி பாட்டி பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சேன். ஏறுற மணி, இறங்குற மணி, ரெண்டும் பாட்டி வாட்ச் மணியில, நடுவுல பெருசா "4 மணி நேரம்". கீழ "தட்டு வந்தாத்தான் ஊசி". பாட்டி பஞ்சு வைக்கல. பைலட் பேசி முடிச்சதும் என் தொடைய தட்டி மூணு விரலயும் அப்புறம் பாதி விரலயும் காட்டுச்சு. நான் தூங்கல. காலையில தாப்பால பசியாற நிறுத்துனப்ப சுகர் 6.4.

முசிறி அக்கா விஷயத்த சொல்லாம விட்டா முடியாது. வாட்ஸ்அப் வந்ததுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் "உங்க ஊரு மணி எட்டுக்கு கூப்பிடறேன்"னு சொல்லிட்டு எட்டரைக்குத்தான் கூப்பிடுவாங்க. பாட்டி எட்டு மணிலேர்ந்து போன மடியில வச்சுக்கிட்டு, "இவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், எதுலயும் அரை மணி நேரம் லேட்டு"னு வருஷக்கணக்கா முணுமுணுத்துட்டு இருந்துச்சு. அவங்க 1970-ல கப்பல் ஏறுனவங்க, அவங்க கணக்குலயும் ரெண்டு மணி நேரம்தான், அங்க ஆறு அடிச்சா இங்க எட்டுனு கரெக்டா கூப்பிட்டிருக்காங்க. நான் ரெண்டு பேருக்கும் வீடியோ கால்லயே விளக்கி சொன்னேன். அக்கா பாட்டி நல்லா கேட்டுட்டு "அதெல்லாம் கவர்மெண்ட் பண்றது, நமக்கு எதுக்கு"னு சொல்லிட்டாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமையும் அங்க ஆறுக்குத்தான் அடிச்சாங்க. எங்க பாட்டி இப்ப எட்டு மணிக்கு சாப்பிட்டு முடிச்சு, தட்ட கழுவி கவுத்துட்டு, எட்டே முக்காலுக்கு போன் கிட்ட வந்து உக்காந்து "பாத்தியா, இன்னைக்கு நான் லேட்டு"ங்குது.